‘டர்’ வருகிறது, ‘போ’ வரவில்லை

1986 ஜூலை 7, திங்கள்

விடாத மழை. ஒர்க்‌ஷாப் ஷெட்டின் ஓடு ஒழுகுகிறது. ஒழுகும் இடமெல்லாம் பெயின்ட் டப்பா வைத்தாகிவிட்டது. டிங், டொங், டிங்.

மட்டாஞ்சேரி பஜார்வாழ் பெருமக்களின் மேலான கவனத்திற்கு: இன்று காலை பல் தேய்க்கும் வேளையில், என் மேலுதட்டின் இடது கோடியில், மீசை என்று கோர்ட்டே ஒப்புக்கொள்ளக்கூடிய ஒரு முடி தென்பட்டது. வலது கோடி இன்னும் பரிசீலனையில். விழா எதுவும் வேண்டாம். மாலைகளை நேரில் போடலாம்.

இரண்டாவது செய்தி, அவ்வளவு முக்கியம் இல்லாதது: நாங்கள் தெருவுக்கு வரப்போகிறோம்.

டர்போ முதலாளியின் கார் திரும்பி வந்துவிட்டது. (பெயர் நான் வைத்தது. முதலாளிக்குத் தெரியாது. தெரிந்தால் இன்னும் சீக்கிரம் தெருவுக்கு வருவோம்.) மிளகு, ஏலக்காய் வியாபாரி. அவருடைய மிளகு கோடவுனை ஒட்டின ஷெட்டில்தான் அத்தாவின் ஒர்க்‌ஷாப். அவர் இருக்கச் சொன்னார், இருக்கிறோம். போகச் சொன்னால் போக வேண்டியதுதான். பின்பக்க அறையில் நானும் அம்மாவும் பாத்திரங்களும்.

கார் அவர் மச்சினர் குவைத்திலிருந்து கப்பலில் அனுப்பியது. டீசல். ஸ்டியரிங் இடது பக்கம். பின்னால் வெள்ளி எழுத்தில் டர்போ. பஜாரிலேயே ஒன்றே ஒன்று. போன மாதம் ஹெட் கேஸ்கட் போய் அத்தாவிடம் வந்தது. அத்தா இதுவரை தொட்டதெல்லாம் லாரி. இதுதான் முதல் டர்போ. என்ஜினின் தலையைக் கழற்றி, கேஸ்கட் மாற்றி, கெட்டுப்போன சில்லறைச் சாமான்களையும் மாற்றிப் பூட்டினார். பஜாருக்குள் பட்டாக ஓடியது.

சனிக்கிழமை குமுளிக்கு ஏலக்காய் ஏலத்துக்குப் போயிருக்கிறார் முதலாளி. மலை தொடங்கியதும் கார் மூச்சு வாங்கிவிட்டது.

“மேஸ்திரி, முதல்ல ஒரு ஜீப்பு என்னை முந்தி. பின்னே ஒரு லாரி முந்தி. பின்னே ஒரு பஸ். அந்த பஸ்ஸோட ஜன்னல்ல ஒரு குட்டி, எனக்கு டாட்டா காட்டி!”

சிரிப்பு வந்தது. அடக்கினேன். மூக்கு வழியாகக் கொஞ்சம் வந்துவிட்டது.

“உங்க கை படறதுக்கு முன்னாடி இது புலி போல மலை கேறின வண்டி. வெள்ளிக்கிழமை திரும்ப எனக்குக் குமுளி போகணும். பழைய மாதிரி ஆகலேன்னா எனக்கு வேற மேஸ்திரி உண்டு. அந்த ஆளுக்கு ஷெட்டும் வேணும்.”

அத்தா துடைத்த ஸ்பேனரையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார்.

முதலாளி போனபின் நான்: “அத்தா, பின்னால டர்போன்னு எழுதியிருக்கு. இப்ப ‘டர்’ மட்டும்தான் வருது. ‘போ’ வரலை.”

ஸ்பேனர் என் காதை உரசிக்கொண்டு போனது. உரசவேண்டும் என்றே எறிந்தது. அத்தாவுக்குக் குறி தப்பாது.

பின்குறிப்பு: இந்த டைரி தமிழில் எழுதப்படுகிறது. காரணம் மொழிப்பற்று அல்ல. என் வகுப்பில் ஒருவனுக்கும் தமிழ் படிக்கத் தெரியாது.


ஜூலை 8, செவ்வாய்

மழை. காலையில் புட்டு, பழம். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் வரவில்லை. ஆனந்தம். சாயங்காலம் நேராக ஷெட்.

அத்தா இன்று பார்த்தவை:

பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறதா. ஜாக்கி போட்டு சக்கரத்தைக் கையால் சுற்றினார். சுற்றிக்கொண்டே இருந்தது. பிடிக்கவில்லை.

கிளட்ச் வழுக்குகிறதா. இல்லை.

டீசல் ஃபில்டர். புதுசு போட்டாயிற்று. மாற்றம் இல்லை.

சைலன்சர் அடைத்திருக்கிறதா. நான் பின்னால் குந்தி உள்ளங்கையைக் காட்டினேன். நன்றாகப் புகை வந்தது. என் உள்ளங்கையில் இருந்த ஆயுள்ரேகை இப்போது இல்லை.

பிறகு டர்போ. அத்தா குழாயைக் கழற்றி விரலை விட்டுச் சுண்டினார். உள்ளே குட்டிக் காற்றாடி விர்ரென்று சுற்றியது. ஆட்டம் இல்லை, உரசல் இல்லை. எனக்கு விளக்கினார், முதல் தடவையாக, ஒரு மனிதனுக்குச் சொல்வதுபோல:

“என்ஜின் விடுற புகை இந்தப் பக்கத்துக் காத்தாடியைச் சுத்தும். அதே தண்டுல அந்தப் பக்கம் இன்னொரு காத்தாடி. அது வெளிக்காத்தை என்ஜினுக்குள்ள அமுக்கி ஊதும். காத்து கூடினா டீசல் நல்லா எரியும். வண்டி இழுக்கும்.”

“அப்ப கார் தன்னோட ஏப்பத்துலயே ஓடுது?”

“போய் டார்ச்சை எடுத்துட்டு வா.”

டார்ச் பிடித்தேன். ஒவ்வொரு குழாயாக, ஒவ்வொரு கிளிப்பாகத் தடவிப் பார்த்தார். காற்று கசிகிறதா என்று சோப்பு நுரை தேய்த்தார். ஒரு குமிழி கிளம்பவில்லை. காற்று ஃபில்டரிலிருந்து டர்போவுக்கு வரும் ஹோஸைத் தட்டிக்கூடக் கொடுத்தார். பழையது எண்ணெய் ஊறிக் கிழிந்திருந்ததால் அத்தாவே தேடிப் போட்டது. கார்க் கடை எதிலும் இல்லாமல் படகுத்துறை ஜெட்டிக்குப் பக்கத்துப் படகுச் சாமான் கடையில் கிடைத்தது. கித்தான் வைத்த கறுப்பு ரப்பர், இரண்டு தலைப்பிலும் பளபளப்பான கிளிப். “இந்த வண்டில சந்தேகமே படவேண்டாத சாமான் இது ஒண்ணுதான்டா. எவ்வளவு ஊதினாலும் வெடிக்காது.”

அத்தா பேசுவது குறைந்துகொண்டே வருகிறது. பீடி காதில் செருகியபடியே இருக்கிறது. பற்றவைக்க மறக்கிறார்.

எனக்கும் ஒரு மாதிரி இருந்தது. மனதைத் தேற்றிக்கொள்ள கோடவுன் வாசலுக்குப் போனேன். சுமட்டுத் தொழிலாளிகள், லாரி வராததால், மிளகுச் சாக்குகளில் சாய்ந்து கிடந்தார்கள். அவர்கள் தலைவர் அவுசேப்பு சேட்டன் நல்ல தூக்கம். ஆள் ஒரு அலமாரி அளவு. தோளில் தோர்த்துத் துண்டு. அதன் நுனி சாக்கின் காதுக்குப் பக்கத்தில் தானாகவே வந்து தொங்கியது. முடிச்சுப் போடச் சொல்லிக் கெஞ்சியது. போட்டேன்.

கொஞ்ச நேரத்தில் லாரி ஹாரன். எழுந்தார். தோர்த்து எழவில்லை. சேட்டன் மறுபடி சாக்குக்கே திரும்பி வந்து உட்கார்ந்தார், ஆசையோடு கட்டிப்பிடிக்கிறவர் மாதிரி. பஜாரே சிரித்தது.

“ஆருடா அது? எந்தக் குருத்தங்கெட்டவன்டா?”

நான் அப்போது வீட்டுக்குள் அறிவியல் படித்துக்கொண்டிருந்தேன். சத்தமாக.


ஜூலை 9, புதன்

காலையில் கொஞ்சம் வெயில், அதிசயம். பிறகு பழைய கதை.

நாசில்களைக் கழற்றி டீசல் தெளிக்கும் விதம் பார்த்தார் அத்தா. பனி மாதிரி தெளித்தது. பம்ப்பைப் பிரித்தார், பூட்டினார். ஸ்டார்ட் செய்து ஆக்சிலேட்டரை அமுக்கினால் ஷெட் அதிர்கிறது. டப்பாக்களில் தண்ணீர் துள்ளுகிறது. நோயாளி டாக்டர் முன்னால் எழுந்து நடனம் ஆடுகிறான். மலையில் போனால்தான் படுத்துக்கொள்கிறான்.

ஒரு தடயம்: குமுளியில் திணறும்போது பின்னால் ஒரே கறுப்புப் புகை என்று முதலாளி சொன்னாராம். அத்தா அதையே திரும்பத் திரும்ப: “கறுப்புப் புகைன்னா டீசல் போகுது, காத்து பத்தலை. காத்து எங்க நிக்குது? எங்க நிக்குது?” ஷெட்டில் அது நிற்பதே இல்லை. எல்லா வழியும் திறந்தே இருக்கிறது.

கடற்கரை வரைக்கும் ஓட்டிப் பார்த்தோம். வெண்ணெய். எங்கள் ஊரின் கொடுமை இதுதான். அரிசி இருக்கிறது, மிளகு இருக்கிறது, கொசு இருக்கிறது. மேடு இல்லை. எங்களுக்குத் தெரிந்த உயரமான இடம் மீன் மார்க்கெட்டின் படிக்கட்டு.

முதலாளி மத்தியானம் வந்து வாசலிலேயே நின்றார். செருப்பைக்கூட உள்ளே வைக்கவில்லை. கூட வேறொரு ஆள், வெள்ளைச் சட்டை. ஷெட்டின் நீளத்தைக் காலடியால் அளந்தான். அத்தாவின் மேஜை, அத்தாவின் வைஸ், எல்லாவற்றையும் தாண்டி அளந்துகொண்டே போனான். அத்தா காருக்கடியில் படுத்திருந்தார். அவன் கால்கள் தன் தலைமாட்டில் போவதைப் பார்த்திருப்பார். வெளியே வரவில்லை.

சாப்பிடும்போது (கப்பைக் கிழங்கு, சாளை மீன் கறி) அம்மா:

“பொள்ளாச்சிக்கு அண்ணனுக்கு ஒரு வரி எழுதிப் போடவா? அவங்க லாரிப் பட்டறையில ஆள் வேணும்னாங்கல்ல.”

அத்தா: “வெள்ளிக்கிழமை ஆகட்டும்.”

“இவன் பரீட்சை?”

“வெள்ளிக்கிழமை ஆகட்டும்னேன்ல.”

பொள்ளாச்சி. அங்கே கடல் இல்லை. பந்து விளையாட பென்னி இல்லை. பென்னி என் வகுப்பு, என் கூட்டாளி, என் எல்லாக் குற்றங்களின் சாட்சி. கப்பை தொண்டையில் நின்றது. காருக்குக் காற்று எங்கே நிற்கிறது என்று தெரியவில்லை, எனக்குக் கப்பை எங்கே நிற்கிறது என்று நன்றாகத் தெரிந்தது.

சாயங்காலம் அவுசேப்பு சேட்டன் ஷெட் வாசலில் வந்து நின்றார். தோர்த்து விஷயம்! ஆனால் அவர் காரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தா என்ஜினை உறுமவிட்டுக் காட்டினார். சேட்டனுக்கு அத்தா எப்போதும் காதரிக்கா.

“காதரிக்கா, ஒரு காரியம் பறயட்டே? சும்மா நிக்கும்போ ஞானும் பயில்வான்தான். தலையில சாக்கு கேறட்டும், அப்பத் தெரியும் யாருக்கு முட்டி ஆடுதுன்னு.”

சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

அப்போது எனக்கு ஒரு யோசனை உதித்தது. முழுக்க முழுக்க சொந்தம். காருக்குப் பாரம் ஏற்றித் தோப்பும்படிப் பாலத்தின் ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்தால் என்ன? பாலத்துக்குக் கொஞ்சம் ஏற்றம் உண்டு. பெரிய கியரிலேயே போட்டு, கனத்த வண்டியை ஏற்றினால் அது குமுளிக்குச் சமம். பானெட்டைக் கழற்றிவிட்டு, ஒரு ஆள் மட்கார்டில் உட்கார்ந்து, ஏறும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

அத்தாவிடம் சொன்னேன். காதுக்குக் கையைக் கொண்டுபோனார். பீடியைப் பற்றவைத்தார்.


ஜூலை 10, வியாழன்

பள்ளிக்கூடம் போகவில்லை. வயிற்றுவலி (அம்மாவின் அனுமதி முத்திரை பெற்றது).

காலை மழை. பானெட் இல்லாமல் மழையில் போக முடியாது. காத்திருந்தோம். அத்தா வானத்தைப் பார்க்கிறார், நான் அத்தாவைப் பார்க்கிறேன், அம்மா என்னைப் பார்க்கிறாள். டிங், டொங், டிங். கடைசி நாள் இப்படி நனைந்துகொண்டே போகிறதே என்று இருந்தது.

ஒருவழியாக வெளுத்தது. கோடவுன் குமஸ்தாவிடம் கேட்டு நானும் அத்தாவும் ஒரு மிளகுச் சாக்கைக் காரை நோக்கி இழுத்தோம். பாதி வழியில் ஒரு நிழல் விழுந்தது. அவுசேப்பு சேட்டன். பின்னால் அவர் படை.

“காதரிக்கா, அது என்னது?”

“சாக்கு.”

“சாக்கு எனக்கும் தெரியும். எங்க போகுது?”

“காருக்குள்ள. இது லோடு இல்ல அவுசேப்பு, சோதனை. பாலம் வரைக்கும் போயிட்டு இங்கயே இறக்கிருவேன்.”

“ஏத்தறதும் உண்டு, இறக்கறதும் உண்டு. பின்னே லோடு இல்லேன்னா எங்ஙனே?” படை சிரித்தது. “பஜாருக்குள்ள சாக்கு ஒரு அடி அனங்கினா அது ஞங்கட பணி. இன்னைக்கு உங்களுக்கு விட்டா, நாளைக்கு முதலாளிமார் எல்லாரும் ‘சோதனை’ன்னு சொல்லி அவங்க ஆளை வச்சு ஏத்துவாங்க. நியமம் நியமம்தான்.”

அத்தா சாக்கின் மேல் கையை வைத்தபடி நின்றார். “அவுசேப்பு, நாளைக்குக் காலைல எனக்கு ஷெட்டு இருக்கோ இல்லையோ தெரியாது.” அத்தா யாரிடமும் இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

சேட்டன் காரை ஒரு சுற்று சுற்றி வந்தார். டர்போ என்ற எழுத்தை விரலால் தடவினார். பிறகு:

“ஆளு கேறினா அது லோடு இல்லல்லோ?”

“இல்ல.”

“ஆளு யாத்திரக்காரன். லோடு இல்ல. யூனியன் எதிர்ப்பு இல்ல.” திரும்பி: “எடா, கேறுங்கடா எல்லாரும்! குவைத்து வண்டில நம்மளை வேற யாரு ஏத்துவா?”

ஏறினார்கள். பின் சீட்டில் அடுக்கினது போதாமல் மடியில் மடியில் உட்கார்ந்தார்கள். முன் சீட்டில் அத்தாவுக்குப் பக்கத்தில் இரண்டு பேர். கார் கர்ப்பிணி மாதிரி பின்னால் அமர்ந்தது. சேட்டனுக்கு மட்டும் இடம் இல்லை. “ஞான் முன்னால இருந்து எடை சரி பண்றேன்” என்று வலது மட்கார்டில் ஏறிக்கொண்டார்.

இடது மட்கார்டு எனக்கு. அத்தா முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. “நீங்க ஓட்டணும். எது எந்தச் சாமான்னு வேற யாருக்குத் தெரியும்?” என்றேன். அத்தா சாக்கு கட்டும் கயிற்றை என் இடுப்பில் சுற்றி, கதவின் கம்பியில் கட்டினார். இழுத்துப் பார்த்தார். மறுபடி இழுத்துப் பார்த்தார். “பயமா இருந்தா சொல்லு.”

“பயமா? எனக்கா?”

அம்மா வாசலில் முக்காட்டை வாயில் கவ்விக்கொண்டு நின்றாள்.

பஜார் வழியாக ஊர்வலம். மூளை வெளியே தெரிகிற கார், இரு பக்கமும் இரண்டு காவல் சிலைகள். சாயாக்கடையில் எல்லோரும் எழுந்து நின்றார்கள். போக்குவரத்துப் போலீஸ்காரர் சாயா கிளாஸுக்குள் எதையோ தீவிரமாகத் தேடினார்.

பாலம். அத்தா பெரிய கியரை மாற்றவே இல்லை. ஆக்சிலேட்டரைத் தரையோடு அழுத்தினார். என்ஜின் அலறியது. பின்னால் கரும்புகை, ஒரு சைக்கிள்காரன் காணாமல் போனான். வண்டி திணறித் திணறி, நடக்கிற ஆளின் வேகத்துக்கு வந்தது. பெல்ட் என் முழங்காலுக்குப் பக்கத்தில் சுற்றுகிறது. கீழே காயல். வலப்பக்கம் சேட்டன் ஏதோ கத்தினார், காற்றில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

ஆனால் என் பருந்துக் கண்ணுக்கு எதுவும் தப்பாது. பார்த்தேன். தெளிவாகப் பார்த்தேன். ஃபில்டரிலிருந்து டர்போவுக்கு வரும் அந்தக் கறுப்பு ஹோஸ், அந்த வெடிக்காத ஹோஸ், பட்டினி கிடந்தவன் வயிறு மாதிரி உள்ளே ஒட்டிக்கொண்டது. சப்பட்டை. வண்டி ஏறுகிறவரைக்கும் சப்பட்டை.

கத்தினேன்: “அத்தா! ஹோஸ் ஒட்டுது! ஃபில்டர் ஹோஸ் ஒட்டுது!”

பாலத்தின் உச்சியில் நிறுத்தி ஓடிவந்தார். ஹோஸ் பழையபடி உருண்டையாக, அப்பாவியாக இருந்தது. அத்தா நம்பாமல் என்னைப் பார்த்தார். பிறகு ஃபில்டரின் வாயை உள்ளங்கையால் முக்கால்வாசி மூடினார். “உறுமவிடு” என்றார் உள்ளே இருந்தவரிடம். ஹோஸ் எங்கள் கண்முன்னால் சப்பென்று ஒட்டியது.

அத்தா தூறலில் பாலத்தின் ஓரக்கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

“ஊதும் ஊதும்னு மட்டும்தான்டா நினைச்சேன். ஊதினா வெடிக்கக்கூடாதுன்னு கெட்டியாப் பார்த்து வாங்கினேன். ஊதறதுக்கு முன்னாடி அது உறிஞ்சணும்ல. அந்தப் பக்கம் உறிஞ்சற பக்கம்ல.”

திரும்பும்போது பின் சீட்டில் பாட்டு.

சாயங்காலம் அத்தாவோடு ஜெட்டிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் நினைவு வைத்திருந்தார். போன தடவையும் அவர் கேட்டாராம்: தண்ணி எடுக்கவா, விடவா? அத்தா அன்று நெஞ்சை நிமிர்த்தி, “தண்ணி இல்ல, காத்து. ஊதறதுக்கு” என்றிருக்கிறார். அவர் விடுகிற ஹோஸைக் கொடுத்துவிட்டார். இன்று அத்தா மெதுவாக: “உறிஞ்சறதுக்கு.” கடைக்காரர் வேறு கொக்கியிலிருந்து ஒன்றை இறக்கினார். உள்ளே சுவரோடு சுவராகக் கம்பிச் சுருள். நான் காலால் மிதித்துப் பார்த்தேன். சப்பட்டை ஆகவில்லை. என் செருப்புதான் ஆனது.

மாட்டியாகிவிட்டது. மறுபடி ஆள் ஏற்றிப் பார்க்க வெளிச்சம் இல்லை. நாளை காலை முதலாளி வருவார்.


ஜூலை 11, வெள்ளி

தூறல். விடிந்ததும் சேட்டனும் படையும் குளித்து, தலை வாரி, காரில் ஏறத் தயாராக நின்றார்கள். கூப்பிடவே இல்லை. பாலம். அதே கியர். இம்முறை பானெட் மூடியிருந்ததால் நான் சேட்டன் மடியில். கார் தும்மல் போட்டமாதிரி ஒரு உந்து உந்தியது, எல்லார் தலையும் பின்னால் போய் முட்டியது. “ஹோ!” என்றது யூனியன். புகை இல்லை. ‘போ’ வந்துவிட்டது.

முதலாளி வந்தார். புதன்கிழமை வந்த வெள்ளைச் சட்டையும் கூட. எனக்கு வயிற்றுவலி நிஜமாகவே வந்தது.

அத்தா மறைக்கவில்லை. கழற்றின கறுப்பு ஹோஸைக் கையில் எடுத்துக் காட்டினார்.

“அப்போ தப்பு உங்க பேர்லதான்.”

“ஆமா முதலாளி. என் தப்புதான்.”

டப்பா மட்டும் டிங்.

“கண்டுபிடிச்சது யாரு?”

“என் மவன். ஓடுற வண்டில மட்கார்டுல உட்கார்ந்து, உசுரைப் பிடிச்சுக்கிட்டுப் பார்த்தான்.” அத்தாவின் குரல் ஒரு மாதிரி ஆனது. ஷெட் தப்பியதா இல்லையா என்று இன்னும் தெரியாத நேரத்தில், அத்தா முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

முதலாளி என்னை முதல் தடவையாகப் பார்த்தார். “மலை கேறட்டும். ஷெட் காரியம் பின்னே பறயாம்.” போய்விட்டார். வெள்ளைச் சட்டை போகவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டது.

ஜும்ஆ தொழுகையில் அத்தா பக்கத்தில் நின்றேன். துஆவில் குமுளி, ஹோஸ், கம்பிச் சுருள் எல்லாவற்றையும் தனித்தனியாகச் சொன்னேன், குழப்பம் வரக்கூடாது என்று.

திரும்பி வந்து காத்திருந்தோம். சாயா ஆறிப்போனது. அம்மா நெய்ச்சோறு ஆக்கவா, கஞ்சி வைக்கவா என்று இரண்டு முறை கேட்டாள். பொழுது சாயும்போது கோடவுனில் டெலிபோன். டிரங்க் கால். குமஸ்தா காதில் வைத்துக்கொண்டு கத்திக் கத்தித் திருப்பிச் சொன்னார், நாங்கள் வாசலில்:

“ஆ... ஜீப்பை முந்தியாச்சா? ஆ... லாரியையும்... பஸ்ஸையும்... என்னது? நீங்க டாட்டா காட்டினீங்களா?... சரி... சரி... பறயாம்.”

வைத்தார். அத்தாவிடம்: “மழை நின்னதும் ஷெட்டுக்கு வேற ஓடு போடணுமாம். எத்தனை வேணும்னு எண்ணி வைக்கச் சொன்னாரு.”

வெள்ளைச் சட்டை எழுந்து, ஸ்டூலை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனது.

நெய்ச்சோறு.


ஜூலை 13, ஞாயிறு

வெயில்! பஜார் முழுக்க ஈரச் சாக்கு உலர்கிறது, ஒரே மிளகு மணம்.

நேற்றிலிருந்து நான் பிரபலம். பென்னியிடம் மூன்று முறை சொன்னேன், ஒவ்வொரு முறையும் பாலம் செங்குத்தாகிக்கொண்டே போனது. அத்தா பார்க்கிறவரிடமெல்லாம் சொல்கிறார், மீன்காரரிடம், மோதினாரிடம், பஞ்சர் ஒட்ட வந்த முன்பின் தெரியாதவரிடம். “என் மவன் கண்ணு!”

இன்று சாயாக்கடையில் நான் பென்னிக்கும் மற்றவர்களுக்கும் நடித்துக்காட்டிக்கொண்டிருந்தேன், பருந்துக் கண் பாகம். திரும்பினால் அவுசேப்பு சேட்டன் பெஞ்சில், பரோட்டாவோடு. நடித்துக்காட்டிய கையைக் கீழே இறக்கினேன். கடைக்காரர் கேட்டார்: “சேட்டா, நீங்களும் மட்கார்டுல இருந்தீங்களே, இவன் சொல்றது நேரா, பொய்யா?”

சேட்டன் மென்று விழுங்கினார். “நேரு. மோன் கண்டு. ஞான் ஒண்ணும் கண்டில்ல.”

வெளியே வந்ததும் என் தோளில் கை போட்டார். அலமாரி சாய்ந்த மாதிரி. காதருகில்: “தோர்த்து கெட்டினதும் நீ, கண்ணு அடச்சதும் நீ. ரெண்டும் ஞான் யாரோடும் பறயல. காதரிக்கா முகம் பார்த்தியா? அது அங்ஙனே இருக்கட்டும்.”

போய்விட்டார், தோர்த்தை உதறிக்கொண்டு.

எனவே, தமிழில், யாருக்கும் தெரியாமல்:

பாலத்தில் ஏற்றம் தொடங்கியபோதே கண்ணை மூடிவிட்டேன். உச்சி வரும்வரை திறக்கவில்லை. தெரிந்த சூராவையெல்லாம் ஓதினேன், தெரியாததையும் ஓதினேன். ஹோஸைப் பார்த்தது சேட்டன். “எடா, அந்தக் கறுத்த ஹோஸ் ஒட்டுதுடா, அத்தாகிட்ட பற!” என்று அவர் கத்தினார். காற்றில் கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறேன். நன்றாகக் கேட்டது. ஸ்டியரிங் என் பக்கம் இருந்ததால் அவர் சத்தம் அத்தாவுக்கு எட்டவில்லை. நான் கண்ணைத் திறக்காமலே அதை அத்தாவுக்குத் திருப்பிக் கத்தினேன். என் வேலை அவ்வளவுதான். டெலிபோன் குமஸ்தா வேலை.

பாரம் ஏற்றும் யோசனையும் அவர் சொன்னதுதான்.

அத்தாவிடம் சொல்லலாம் என்று ஷெட்டுக்குப் போனேன். ஓடு எண்ணிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்தார். நானும் கூட எண்ணினேன்.

இன்னொன்று. அந்த மீசை முடி. இன்று குளிக்கும்போது கையோடு வந்துவிட்டது. சாக்கு நார்.